மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா?

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள் மாலை. மட்டாஞ்சேரியில் மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பஜார் தெருவில் சுக்கும் மிளகும் மணக்கும் ஒரு பண்டகசாலையின் திண்ணையில் நானும் ஒரு பெரியவரும் அமர்ந்திருந்தோம். அவர் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக அங்கே கணக்கு எழுதுபவர். அவருடைய மகள் அவ்வாண்டுதான் நம் பல்கலைக் கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்திருந்தாள். மழை விட்டதும் மூவருமாக எர்ணாகுளம் சென்று அவளுக்கு ஒரு மடிக்கணினி வாங்குவதென்பது ஏற்பாடு.

“தம்பி, நாற்பத்தைந்தாயிரம் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்னொரு தடவை இவ்வளவு சேர்க்க என்னால் ஆகாது. வாங்குகிற லாப்டாப் இவள் படித்து முடிக்கிற வரைக்கும் தாங்க வேண்டும். அதற்கு என்ன பார்த்து வாங்க வேண்டும்? அதைச் சொல்லுங்கள், போதும்” என்றார்.

கேள்வி சிறியது. ஆனால் அதற்கு நேரான விடை சொல்பவர் அரியர். கடைக்குச் சென்றால் திரையின் பளபளப்பைக் காட்டுகிறார்கள். மேல்மூடியின் நிறத்தைக் காட்டுகிறார்கள். ஒரு பையும் ஒரு சுண்டெலியும் இனாம் என்கிறார்கள். ஐந்தாண்டுக்குப் பின் இப்பொறி எப்படி இருக்கும் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் சங்கத்துக்கு வரும் புதிய மாணவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள் ஆதலின், அன்று அண்ணாச்சிக்குச் சொன்னதையும், சொல்லத் தவறியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் சொந்தக் கதையை ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2020-இல் வகுப்புகளெல்லாம் வீட்டிலிருந்தே நடந்த காலத்தில், அவசர அவசரமாக நானும் ஒன்று வாங்கினேன். இன்ன நிறுவனத்தினுடையது என்று சொல்வதற்கில்லை. பார்க்க அழகு, கையில் எடுத்தால் ஒரு பாடநூல் கனம், நினைவகம் 4 ஜி.பி. மூன்றே ஆண்டில் அது மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. ஆய்வேட்டின் கோப்பைத் திறந்து, பக்கத்தில் இரண்டு கட்டுரைகளையும் திறந்தால், சுட்டி முள் அசைய மறுத்துவிடும். நினைவகத்தைக் கூட்டித் தரும்படி பழுது பார்ப்பவரிடம் கொண்டு சென்றேன். அவர் அடிமூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஒன்றும் செய்ய இயலாது; எல்லாம் பலகையோடு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள்” என்று மூடிக் கையில் கொடுத்தார். அதன் செயலி நன்றாக இருந்தது. திரை நன்றாக இருந்தது. விசைப்பலகையில் ஓர் எழுத்தும் தேயவில்லை. நினைவகம் ஒன்று போதாமல் பொறி முழுவதும் வீணாயிற்று.

நிற்க. நினைவகம் என்பதுதான் யாது?

கணிப்பொறிக்குள் செய்தியை வைக்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று சேமிப்பகம், இக்காலத்தில் எஸ்.எஸ்.டி. என்று வழங்குவது. மற்றொன்று நினைவகம், ராம் என்று வழங்குவது. இரண்டையும் ஜி.பி. என்ற ஒரே அளவையால் அளப்பதால், ‘512 ஜி.பி. இருக்கிறதே, 8 ஜி.பி. எதற்கு?’ என்று மயங்குவோர் பலர். அண்ணாச்சிக்கும் அந்த மயக்கம் இருந்தது. நான் எதிரே இருந்த முற்றத்தைக் காட்டினேன். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளை - மலையாளிகள் ‘பாண்டிகசால’ என்பர் - நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே மூட்டைகள் கூரைவரை அடுக்கிக் கிடக்கும். ஆனால் சுக்கைப் பரப்பிக் காயவைப்பதும், புடைப்பதும், தரம் பிரிப்பதும் முற்றத்தில்தான். மூட்டைக்குள் இருக்கும் இஞ்சியைத் தரம் பிரிக்க இயலாது. முற்றத்தில் கொட்டினால்தான் வேலை நடக்கும். சேமிப்பகம் பண்டகசாலை, நினைவகம் முற்றம், செயலி என்பது வேலை செய்யும் ஆட்கள்.

அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். “அப்படியானால் முற்றம் சின்னதாக இருந்தால், எத்தனை ஆள் வைத்தும் பயன் இல்லை. பாதிச் சரக்கை உள்ளே அள்ளிப் போட்டுவிட்டு மறுபாதியைக் கொட்ட வேண்டும். ஆட்கள் அள்ளுவதும் கொட்டுவதுமாகவே பொழுது போய்விடும்” என்றார். கணிப்பொறியியல் பாடநூல்களில் பல பக்கங்களில் விளக்கியிருப்பதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அந்த அள்ளலும் கொட்டலும் எவ்வளவு காலத்தை விழுங்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. நினைவகத்திலிருந்து ஒரு செய்தியை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். அதாவது ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு. நல்ல எஸ்.எஸ்.டி.யிலிருந்து எடுக்க அதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு ஆகும். பழைய சுழல் வட்டாக இருந்தால் லட்சம் மடங்கு. மனிதக் கணக்கில் சொன்னால், முற்றத்தில் கிடப்பதைக் குனிந்து எடுக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், எஸ்.எஸ்.டி.க்குச் சென்று வரக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுழல் வட்டுக்குச் சென்று வர ஒரு நாளுக்கு மேல் ஆகும்! நினைவகம் நிரம்பியவுடன் பொறி நின்றுவிடுவதில்லை. இப்போது வேண்டாதவற்றை எஸ்.எஸ்.டி.யில் கொண்டு வைக்கிறது. மீண்டும் வேண்டியபோது எடுத்து வருகிறது. நாம் ‘தொங்குகிறது’ என்று திட்டுவது பெரும்பாலும் இந்தப் போக்குவரத்தைத்தான்.

நினைவகச் சில்லின் உள்ளமைப்பு வேடிக்கையானது. 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ராபர்ட் டென்னார்டு என்ற பொறியாளர் இதைக் கண்டார். 1968-இல் காப்புரிமை கிடைத்தது. ஒவ்வொரு துணுக்குச் செய்திக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச் சிறு மின்தேக்கி. அம்மின்தேக்கியில் மின்சாரம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆனால் அது ஓட்டைக் குடம். நிரப்பிய மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒரு முறை எல்லாக் குடங்களையும் பார்த்து மீண்டும் நிரப்புகிறார்கள். மின்சாரம் நின்றால் அவ்வளவும் காலி. சேமிக்காத கட்டுரை காணாமற் போவது இதனால்தான். 16 ஜி.பி. நினைவகத்தில் இத்தகைய குடங்கள் 13,700 கோடிக்கு மேல் இருக்கின்றன!

இன்டெல் நிறுவனம் 1970-இல் விற்பனைக்குக் கொண்டு வந்த 1103 என்ற நினைவகச் சில்லில் 1024 துணுக்குகளே இருந்தன; அதாவது 128 பைட். இன்றைய யூனிகோடு முறையில், யூ.டி.எஃப்-8 குறியீட்டில், ‘அம்மா’ என்று எழுதப் 15 பைட் வேண்டும். அச்சில்லில் ‘அம்மா’ என்று எட்டு முறை எழுதலாம். ஒன்பதாம் முறைக்கு இடம் போதாது.

சரி, எத்தனை ஜி.பி. வாங்குவது? நம் ஊர்க் கணக்கிலிருந்தே தொடங்குவோம். தமிழ்நாட்டில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கியபோது, அப்பொறியில் நினைவகம் 2 ஜி.பி.; சுழல் வட்டு 320 ஜி.பி. அன்றைக்கு அது குறைவன்று. கல்லூரி மாணவர்க்கென 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கிய பொறியில் நினைவகம் 8 ஜி.பி.; எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி. பண்டகசாலை சற்றுச் சுருங்கி வேகம் பெற்றது. முற்றமோ நான்கு மடங்கு ஆயிற்று. எந்தப் பக்கம் நெருக்கடி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2011-ஆம் ஆண்டின் 2 ஜி.பி.யை இன்று திறந்து வைத்தால், உலாவி ஒன்றே அதை விழுங்கிவிடும்.

பெரிய நிறுவனங்களின் போக்கும் அவ்வாறே. 2021-இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜி.பி. போதும் என்றது. குறைந்தபட்சம் என்பது பொறி கண் விழிப்பதற்கான அளவு. வேலை செய்வதற்கான அளவன்று. 2024-இல் மைக்ரோசாப்டு நிறுவனம் ‘கோபைலட் பிளஸ்’ என்ற புதிய வகைக்கு 16 ஜி.பி. வேண்டுமென்று விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் மேக்புக் ஏர் பொறியின் தொடக்க நினைவகத்தை 8-லிருந்து 16 ஜி.பி.யாக, விலையை உயர்த்தாமலே, கூட்டியது. 8 ஜி.பி. போதும் என்று பல ஆண்டு வாதாடிய நிறுவனம் அது என்பதைக் கவனிக்க.

இன்னொன்றையும் மறக்கலாகாது. தனி வரைகலைச் சில்லு இல்லாத பொறிகளில் திரைக்கு வேண்டிய இடமும் இதே நினைவகத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால் 8 ஜி.பி. என்று வாங்கிய பொறியில் நமக்குக் கிடைப்பது 7 சொச்சம். சிலவற்றில் 6-க்கும் கீழே இறங்கிவிடும். அதில் விண்டோஸ் தனக்கென்று ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதில்தான் நம் குடித்தனம்.

ஆகவே என் தீர்ப்பு இது: நான்கைந்து ஆண்டு வைத்துக்கொள்ள வேண்டுமானால் 16 ஜி.பி. வாங்குங்கள். பணம் போதாவிட்டால் 8 ஜி.பி. வாங்கலாம், ஆனால் இன்னொரு துண்டு செருக இடம் இருந்தால் மட்டுமே. 8 ஜி.பி.யைப் பலகையோடு பற்றவைத்து, வேறு இடமும் இல்லாத பொறி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். 4 ஜி.பி. என்றால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். 32 ஜி.பி. சிலருக்கே தேவை. ஆண்ட்ராய்டு செயலி எழுதுவோர்க்கு, அந்தக் கருவித்தொகுதியும் போலிக் கைப்பேசியும் சேர்ந்து ஓட 16 ஜி.பி. வேண்டுமென்று கூகிள் நிறுவனமே சொல்கிறது. ஒரு பொறிக்குள் இன்னொரு பொறியை ஓட்டுவோர், கடலியல் துறையில் பெரிய வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கையாளுவோர் 32 வரை செல்லலாம். சட்டமும் வணிகமும் மொழியும் படிப்போர் 32-க்குச் செலவிடும் பணத்தில் நூல் வாங்குவது நன்று.

இனி ‘மாடல்’ பற்றி. நினைவகத்தின் அளவைக் கேட்பது பாதி வேலை. அது கழற்றத் தக்கதா என்று கேட்பது மறுபாதி. கழற்றத் தக்கது சிறு பலகையாக, விரல் நீளத்தில், உள்ளே ஒரு வரிப்பள்ளத்தில் செருகியிருக்கும். கழற்ற முடியாதது தாய்ப்பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். மெல்லியதாகச் செய்ய வேண்டும், மின்கலம் நீண்ட நேரம் வர வேண்டும் என்ற போட்டியில் ஒட்டுவதே பெருகிவிட்டது. இதில் நிறுவனங்களின் குற்றம் மட்டும் இல்லை; மெல்லியது வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தாமே.

கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: விவரச் சீட்டில் ‘எல்.பி.டி.டி.ஆர்.’ என்று எழுதியிருந்தால், அதாவது டி.டி.ஆர். என்பதற்கு முன் ‘எல்.பி.’ என்ற ஈரெழுத்து நின்றால், அது ஒட்டியது என்றே கொள்க. 2024 முதல் வெகு சில பொறிகளில் வரும் கழற்றத்தக்க புதுவகை மட்டும் இதற்கு விலக்கு. அது நம் விலைக்கு எட்டாது. வெறும் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்றிருந்தால் செருகுவதாக இருக்கலாம், ஒட்டியதாகவும் இருக்கலாம். கடையில் காட்சிக்கு வைத்த பொறியிலேயே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ், பிறகு மெமரி. வலக் கீழ்ப்புறத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் இரண்டில் ஒன்று என்றிருந்தால் மகிழ்ச்சி. ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் ஒட்டியது. ‘சோடிம்’ என்றிருந்தால் செருகியது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் நம்முடையது.

செயலியின் பெயரிலும் சூது உண்டு. ரைசன் 5 7520யு என்பது 2022-இல் வெளியானது. ஏழாயிரத்தில் தொடங்குவதால் புதியது என்று தோன்றும். உள்ளே இருப்பதோ 2019-இல் வந்த ஜென் 2 கட்டமைப்பு. அந்த எண்ணில் மூன்றாம் இலக்கம் எதுவோ அதுதான் கட்டமைப்பின் தலைமுறை. 7520-இல் அது 2. மேலும் அச்செயலி எல்.பி.டி.டி.ஆர்.5 நினைவகத்தோடு மட்டுமே இயங்கும். ஆகவே அது உள்ள பொறியில் நினைவகத்தைக் கூட்டும் பேச்சுக்கே இடமில்லை. இன்டெல் பக்கத்தில், 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் நினைவகம் செயலியோடே ஒரே பொதியில் அடங்கிவிட்டது. அது நல்ல செயலி. ஆனால் வாங்கும் நாளில் 16 என்றால் கடைசி நாளிலும் 16தான்.

மற்ற உறுப்புகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி. போதும். (256 வாங்கினால் விண்டோஸ் 238 என்றே காட்டும், கடைக்காரர் திருடவில்லை. அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் பெருக்குகிறது.) பெரும்பாலான பொறிகளில் எஸ்.எஸ்.டி.யைப் பின்னால் மாற்றலாம். மின்கலம் எந்தப் பொறியிலும் சில ஆண்டில் நலியும். அதை மாற்றக் கிடைக்கிறதா, அந்நிறுவனத்தின் பழுது நிலையம் நம் ஊரில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கொச்சியில் ஓராண்டில் ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. போதாததற்கு உப்புக் காற்று. ஆதலின் மழைக் காலத்தில் பொறியை அலமாரியில் பூட்டி வைக்காமல் நாள்தோறும் சிறிது நேரம் ஓட்டுவது நல்லது. துலா மாதத்து இடிமழையில் மின்சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். என் அறைத்தோழர் ஒருவர் பிடுங்காமல் விட்டு, தாய்ப்பலகைக்கு அழுதார்.

புதியது வாங்கப் பணம் போதாதவர்க்கும் வழி இல்லாமற் போகவில்லை. அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திக் கழித்துவிடும் பொறிகள் செப்பனிட்டு விற்பனைக்கு வருகின்றன. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் என்ற வரிசைகள் அலுவலகத்துக்கென்றே செய்யப்பட்டவை, கனமாக இருக்கும், அழகு குறைவு, ஆனால் திறக்கவும் மூடவும் எளியவை பல. அடிமூடியைக் கழற்றும் முறையை அந்நிறுவனங்களே படத்தோடு கையேடாக வெளியிட்டிருக்கின்றன. 2018-இல் வந்த திங்க்பேட் டி480-இல் நினைவகத்துக்கு இரண்டு செருகிடங்கள் உண்டு. ஆனால் அதே குடும்பத்தில் மெல்லியதான எக்ஸ்1 கார்பனில் எல்லாம் ஒட்டியது. பெயர் ஒன்றாயிற்றே என்று ஏமாறலாகாது.

பழையது வாங்குவோர் ஆண்டையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. விண்டோஸ் 11-ஐ ஏற்க, இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதற்கு முந்திய பொறி கையில் இருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, லினக்ஸ் ஏற்றலாம். இதற்கு நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டாம். நாம் வந்து படிக்கும் இக்கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாக, கட்டற்ற மென்பொருளிலேயே பிள்ளைகள் கணினி பயின்று வருகிறார்கள். நம்மோடு படிக்கும் மலையாள நண்பர்களைக் கேட்டால் ஒரு மாலைப் பொழுதில் ஏற்றித் தந்துவிடுவார்கள்.

மீண்டும் அன்றைய கதைக்கு வருகிறேன். மழை விட்டதும் தோப்பும்படி வழியாகப் பேருந்தில் எர்ணாகுளம் சென்றோம். கடையில் இரண்டு பொறிகள் எங்கள் விலைக்குள் வந்தன. ஒன்று வெள்ளி நிறம், மெல்லியது, எஸ்.எஸ்.டி. 1 டி.பி.; நினைவகம் 8 ஜி.பி., ஒட்டியது. மற்றொன்று சாம்பல் நிறம், தடித்தது, எஸ்.எஸ்.டி. 512 ஜி.பி.; நினைவகம் 8 ஜி.பி., இரண்டு செருகிடங்களில் ஒன்றில். விலையில் ஆயிரம் ரூபாய்தான் வேறுபாடு. கடைக்காரர் முதலாவதையே புகழ்ந்தார். “இரட்டிப்பு இடம், சார்” என்றார். அந்தப் பெண்ணுக்கும் வெள்ளி நிறத்தின்மேல் கண். “அண்ணா, இது பைக்குள்ளே அடங்கும்” என்றாள். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு சீட்டுகளையும் படித்தார். “பண்டகசாலை பெரிது, முற்றம் சின்னது, முற்றத்தைச் சுற்றி மதில் வேறு கட்டிவிட்டார்கள். வேண்டாம் அம்மா” என்று சொல்லிச் சாம்பல் நிறத்தைக் காட்டினார்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். இன்னும் 8 ஜி.பி. துண்டு ஒன்றை அப்போதே வாங்கிச் செருகிவிடலாமா என்று அவர் கேட்டார். கையில் சிறிது பணம் மீதியும் இருந்தது. “அவசரமில்லை அண்ணாச்சி, நினைவகம் நாளுக்கு நாள் மலியும். உதவித்தொகை வந்ததும் வாங்கிக்கொள்ளலாம்” என்று நான் அறிவுரை சொன்னேன். பல ஆண்டுகளாக நான் கண்டது அதுதான்.

ஆனால் அவ்வாண்டு நடந்தது வேறு. செயற்கை நுண்ணறிவுக்காக உலகெங்கும் எழும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மலைபோல் வாங்கிக் குவித்தன. உலகுக்கு வேண்டிய நினைவகத்தில் பெரும்பகுதியைச் செய்வன சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே. அவை அம்மையங்களுக்குரிய விலையுயர்ந்த வகைகளுக்குத் தம் ஆலைகளைத் திருப்பின. மைக்ரான் நிறுவனம், ‘குரூசியல்’ என்ற பெயரில் நம்மைப் போன்றோர்க்கு விற்று வந்த சில்லறை வாணிகத்தையே விட்டுவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. மார்கழியில் உதவித்தொகை வந்து, அப்பெண் விலை கேட்கச் சென்றபோது, ஜூன் மாதத்து விலையைப்போல் இரு மடங்குக்கும் மேல் சொன்னார்கள்.

வெட்கத்தோடு அண்ணாச்சியிடம் சென்றேன். அவர் கோபிக்கவில்லை. “மிளகு மாதிரிதான் என்று சொல்லுங்கள்” என்றார். 1957 முதல் மிளகுக்கு முன்பேர வாணிகம் நடத்திய மட்டாஞ்சேரியில் முப்பது ஆண்டு கணக்கு எழுதியவர். விலை ஏறுவதும் இறங்குவதும் அவருக்குப் புதிதன்று. எனக்குத்தான் புதிது. ஆகவே மேலே எழுதிய தீர்ப்போடு இதையும் சேர்த்துக்கொள்க: இரண்டாவது துண்டு வாங்கக் கையில் பணம் இருந்தால் அன்றைக்கே வாங்கிவிடுங்கள், நாளை மலியும் என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், நம்பாதீர்கள்.

என்றாலும் செருகிடம் கைகொடுத்தது. எர்ணாகுளம் பள்ளிமுக்கில் மின்னணுப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டு நாள் அலைந்தோம். வேறொருவர் தம் பொறிக்குப் பெரியது போட்டுக்கொண்டு கழற்றி விற்ற 8 ஜி.பி. துண்டு ஒன்று, டி.டி.ஆர்.5 வகைதான், புதியதன் விலையில் பாதிக்குக் கிடைத்தது. ஒரு மாதத்துக்கு உத்தரவாதம் எழுதி வாங்கினோம். டி.டி.ஆர்.4 துண்டு டி.டி.ஆர்.5 செருகிடத்தில் பொருந்தாது. வாங்கும்போது இதைச் சரிபார்க்க வேண்டும். பண்டகசாலைத் திண்ணையில் வைத்தே அடிமூடியின் திருகாணிகளைக் கழற்றி, முதலில் ஓர் இரும்புக் கதவைத் தொட்டுக் கையிலிருந்த நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, துண்டைச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினேன். இருபுறமும் கொக்கிகள் ‘டக்’ என்று பற்றின. பொறியை இயக்கியதும் 16 என்று காட்டியது. வெள்ளி நிறப் பொறியை வாங்கியிருந்தால், பள்ளிமுக்கு முழுவதையும் விலைக்கு வாங்கினாலும் இது நடந்திராது.

அன்றிரவே மின்கலத்துக்குக் காப்பு வைத்தோம். 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறாதபடி அப்பொறியின் மென்பொருளிலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. நாள் முழுதும் மின்சுவரோடு இணைத்தே பயன்படுத்துவோர் இதைச் செய்வது நல்லது. அண்ணாச்சி தம் சொந்தக் கணக்கேட்டைத் திறந்து, ஜூன் மாதத்தில் எழுதியிருந்த வரிக்குக் கீழே துண்டின் விலையையும் எழுதினார். பக்கத்தில் தேய்மானத்துக்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தார். ஜூன் மாதத்தில் அதில் நான்கு ஆண்டு என்று எழுதி ஒரு கேள்விக் குறியும் இட்டிருந்தார். அதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். எனக்கு ஐந்து என்றுதான் தோன்றுகிறது; ஆனால் கணக்கு அவருடையது.